தந்தை வழியும் தாய்மொழியும்



தமிழர் தம் பெயரை எழுதும்போது முதலில் தந்தையின் பெயருக்குரிய எழுத்தை இட்டு, புள்ளி வைத்து, அதன் பின்னரே தம் பெயரை எழுதுகிறார்கள். மலைநாட்டுச் சிங்களக் குடும்பங்களிலே ‘கெதர’ என்று முடியும் வீட்டுப் பெயர் தந்தை வழியாகத் தலைமுறைதோறும் தொடர்ந்து வருகிறது. வழக்கு வேறு, சொல்லும் செய்தி ஒன்றுதான். ‘நான் இன்னாருடைய பிள்ளை’ என்பதே அது.

இயற்கையும் இப்படியொரு முதலெழுத்தை ஆண்மக்களின் உடலிலே எழுதி வைத்திருக்கிறது. அந்த எழுத்தை வாசித்து, ஐரோப்பாவின் பழைய மக்கள் எங்கிருந்து வந்தார்கள், அவர்கள் பேசிய மொழிகள் எவ்வழியே பரவின என்று விஞ்ஞானிகள் ஆராய்ந்து வருகிறார்கள். அந்த ஆராய்ச்சிக்கும் நமது மாத்தளை மாவட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. மாத்தளைச் சந்தையிலே காதில் விழும் இரண்டு மொழிகளுள் ஒன்றான சிங்களம், ஐரோப்பாவின் பெரும்பாலான மொழிகளுக்கு உறவுமொழி. மற்றையதான தமிழ் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. ஆகவே அங்கே எழுந்த கேள்வி இங்கேயும் எழத்தான் செய்யும்.

முதலில் அந்த எழுத்தைப் பற்றிச் சிறிது பார்ப்போம்.

மனித உடலின் கலங்களிலே 23 சோடி நிறமூர்த்தங்கள் இருக்கின்றன. அவற்றுள் 22 சோடிகள் தாயிடமிருந்து பாதியும் தந்தையிடமிருந்து பாதியுமாக வந்து, ஒவ்வொரு தலைமுறையிலும் சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட்டதுபோலக் கலந்துவிடுகின்றன. ஆண்மகனிடம் மட்டும் உள்ள வை நிறமூர்த்தம் அப்படியன்று. அதன் பெரும்பகுதி கலையாமலே தந்தையிடமிருந்து மகனுக்கும், மகனிடமிருந்து பேரனுக்கும் போய்ச் சேருகிறது. அதிலே ஏறத்தாழ 6 கோடி 24 இலட்சம் இரசாயன எழுத்துகள் உண்டு. அவற்றை முற்றாக வாசித்து முடித்ததே 2023ஆம் ஆண்டில்தான்.

ஏட்டுச் சுவடிகளைப் பெயர்த்து எழுதியவர்களை நினைத்துக் கொள்ளுங்கள். எத்துணை கவனமாக எழுதினாலும் எங்கேயோ ஓரெழுத்து மாறிவிடும். அந்தச் சுவடியைப் பார்த்து எழுதப்பட்ட எல்லாச் சுவடிகளிலும் அதே மாற்றம் தொடரும். சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் இத்தகைய பாடபேதங்களை ஒப்புநோக்கியே பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார்கள். வை நிறமூர்த்தத்தை ஆராய்வோரும் இந்த வேலையைத்தான் செய்கிறார்கள். ஒரே எழுத்து மாற்றம் உடைய ஆடவர் அனைவரும் ஒரு தந்தையின் வழிவந்தவர்கள். இவ்வாறு கிளை கிளையாகப் பிரித்து, ஒவ்வொரு கிளைக்கும் ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் பெயராக இட்டிருக்கிறார்கள்.

இனி ஐரோப்பாவுக்குச் செல்வோம்.

1786ஆம் ஆண்டு, கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த சேர் வில்லியம் ஜோன்ஸ், சமஸ்கிருதமும் கிரேக்கமும் இலத்தீனும் ஒரு பொதுமூலத்திலிருந்து கிளைத்திருக்க வேண்டும் என்று ஆசியச் சங்கத்திலே உரையாற்றினார். அதன் பின்பு அந்த மூலமொழியைப் பேசியவர்கள் எங்கே வாழ்ந்தார்கள் என்ற தேடல் தொடங்கியது. லித்துவேனியாவிலே பிறந்த மரியா கிம்புத்தாஸ் என்ற தொல்லியல் அறிஞர், கருங்கடலுக்கும் கஸ்பியன் கடலுக்கும் வடக்கேயுள்ள புல்வெளிகளே அந்த இடம் என்று 1956இல் கூறினார். இல்லை, இன்றைய துருக்கியிலிருந்து உழவுத்தொழிலோடு சேர்ந்து பரவியதே அம்மொழி என்று 1987இல் கொலின் ரென்பிரூ வாதிட்டார். மண்ணிலிருந்து கிடைத்த பானையோடுகளையும் ஈமக்குழிகளையும் மட்டும் கொண்டு இந்த வழக்கைத் தீர்க்க முடியவில்லை. பானை வந்தது என்பதால் பானை செய்தவனும் வந்தான் என்று ஆகிவிடாதல்லவா?

2015ஆம் ஆண்டு நிலைமை மாறியது. பழைய எலும்புகளிலிருந்து டி.என்.ஏ.யைப் பிரித்தெடுத்து ஆராய்ந்த இரண்டு ஆய்வுக் குழுக்கள், ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன்னர் அந்தப் புல்வெளிகளிலிருந்து மத்திய ஐரோப்பாவுக்கு மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தார்கள் என்று காட்டின. மாடும் குதிரையும் வண்டியும் அறிந்த அம்மக்களை யம்னயா மக்கள் என்று அழைக்கிறார்கள். ஜேர்மனியிலே, கயிற்றுத் தடம் பதித்த மட்பாண்டங்களைச் செய்தவர்களின் வம்சத்தில் நான்கில் மூன்று பங்கு இவர்கள் வழியாக வந்தது. அதுவரை ஐரோப்பாவில் அருகியே காணப்பட்ட ஆர்1ஏ, ஆர்1பி என்னும் இரண்டு தந்தைவழிக் கிளைகள் அதன் பிறகு எங்கும் பெருகின. ஆர்1ஏ கிழக்கிலும் ஆர்1பி மேற்கிலும் மிகுந்தன. ஸ்பெயின் நாட்டுச் செய்தி இன்னும் வியப்பானது. கி.மு. 2000ஆம் ஆண்டளவில் அங்குள்ள மக்களின் மொத்த வம்சத்தில் ஏறத்தாழ 40 சதவீதமே புதிதாக வந்தவர்களுடையது. ஆனால் தந்தைவழிகளோ அநேகமாக முழுவதுமே மாறிவிட்டன. பழைய தாய்மார் எஞ்சினார்கள். பழைய தந்தையரின் வழி அற்றுப் போயிற்று. இதற்குள்ளே எத்தனை துயரக் கதைகள் புதைந்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கத்தான் முடியும்.

ஆகவே, தந்தைவழி எங்கே போயிற்றோ மொழியும் அங்கே போயிற்று என்று முடிவு கட்டிவிடலாமா? அவசரப்பட வேண்டாம், நேயர்களே.

ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் இடையேயுள்ள மலைப்பகுதியில் வாழும் பாஸ்க் மக்கள், ஐரோப்பிய மொழிக் குடும்பத்தோடு எவ்வித உறவும் இல்லாத மொழியைப் பேசுகிறார்கள். புல்வெளி மக்களுக்கு முந்திய மொழி அது என்பதே அறிஞர் பலரின் கருத்து. ஆனால் பாஸ்க் ஆடவரிடையே மிகப் பெரும்பான்மையோர் புல்வெளியிலிருந்து வந்த ஆர்1பி கிளையினரே. தந்தை புதியவர், மொழி பழையது. ஹங்கேரி நாட்டை எடுத்துக் கொள்ளுங்கள். ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிலிருந்து வந்த மாகியர்கள் தம் மொழியை அங்கே நிலைநாட்டினார்கள். இன்றைக்கும் அம்மொழியே நாட்டு மொழி. ஆயினும் இன்றைய ஹங்கேரியரின் தந்தைவழிகள் பெரும்பாலும் அயல்நாட்டாருடைய தந்தைவழிகளைப் போன்றவைதாம். ஐஸ்லாந்திலோ தந்தைவழியும் மொழியும் சேர்ந்தே இருக்கின்றன. அங்குள்ள தந்தைவழிகளில் நான்கில் மூன்று பங்குக்குக் குறையாதவை நோர்வே முதலிய நாடுகளுக்குரியவை. தாய்வழிகளில் பாதிக்கு மேற்பட்டவை அயர்லாந்து, ஸ்கொத்லாந்துப் பெண்களிடமிருந்து வந்தவை. மொழி நோர்வேக்காரருடையது. ஐஸ்லாந்துக் குழந்தை பேசுவதைத் தாய்மொழி என்பதா, தந்தைமொழி என்பதா?

ஒரே கண்டத்தில் மூன்று விதமான சாட்சியங்கள்! தந்தைவழி நடந்த பாதையைக் காட்டும். அந்தப் பாதையிலே மொழி எந்த இடத்தில் கைமாறியது என்பதை அது தனியாகக் காட்டாது.

இனி நம் திசைக்கு வருவோம். ஆர்1ஏ கிளை ஏறத்தாழ 5,000 முதல் 6,000 ஆண்டுகளுக்கு முன்னர் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பிரிவு கிழக்கு ஐரோப்பாவிலும், மற்றது மத்திய ஆசியாவிலும் இந்தியத் துணைக்கண்டத்திலும் பரவியது. போலந்து நாட்டவர் ஒருவருக்கும் காசி நகரத்தவர் ஒருவருக்கும் இவ்வழியே பொதுவான முப்பாட்டன் இருக்கலாம். 2019இல் வெளியான இரண்டு ஆய்வுகள் இதற்கு மேலும் ஒளி தந்தன. அரியானா மாநிலத்து ராக்கிகரியிலே கிடைத்த சிந்துவெளிக் காலப் பெண்ணொருத்தியின் எலும்பில் புல்வெளி வம்சத்தின் சுவடு இல்லை. கி.மு. 2000க்கும் 1500க்கும் இடைப்பட்ட காலத்தில்தான் புல்வெளி வம்சம் தெற்காசியாவுக்குள் வந்தது என்று மற்றைய ஆய்வு கூறியது. இந்தோ ஆரிய மொழிகள் வந்த காலமும் அதுவே என்பது பல அறிஞர்களின் முடிபு.

அம்மொழிகளுள் ஒன்று தென்கோடியிலே கடல் கடந்து வந்து சிங்களமாக வளர்ந்தது. ஜேர்மன் அறிஞர் வில்ஹெல்ம் கைகர் போன்றோர் இதனைத் தெளிவாக நிறுவியிருக்கிறார்கள். சிங்களத்தில் பெயருக்கு ‘நம’, இலத்தீனில் ‘நோமென்’. பல்லுக்கு ‘தத’, இலத்தீனில் ‘தென்ஸ்’. நெருப்புக்கு ‘கினி’, இலத்தீனில் ‘இக்னிஸ்’. இரண்டுக்கு ‘தெக’, இலத்தீனில் ‘துவோ’. மாத்தளைச் சந்தையிலே மிளகும் கராம்பும் எண்ணி விற்கும் சிங்கள வியாபாரி, உரோமாபுரிச் சந்தையின் எண்களுக்கு உறவான எண்களைத்தான் உச்சரிக்கிறார்.

ஆனால் அதே வியாபாரி வீட்டுக்குப் போய்த் தாயை எப்படி அழைக்கிறார்? ‘அம்மா’ என்கிறார். மூத்த சகோதரியை ‘அக்கா’ என்கிறார். மனைவியின் சகோதரனை ‘மஸ்ஸினா’ என்கிறார். நம் மச்சினன்தான் அது. மாமன் மக்களை முறைப்பிள்ளைகளாகக் கொள்ளும் உறவுமுறை அமைப்பே தென்னிந்தியத்துக்கும் சிங்களவருக்கும் பொதுவானது. எண்ணும்போது ஒரு குடும்பம், அழைக்கும்போது இன்னொரு குடும்பம்!

அப்படியானால் புல்வெளித் தந்தையர்தாம் சிங்கள மொழியை மாத்தளைக்குக் கொண்டு வந்தார்களா? 2003இல் வெளியான ஓர் ஆய்விலே நாற்பதுக்குக் குறைவான சிங்கள ஆடவரின் தந்தைவழிகள் சோதிக்கப்பட்டன. அச்சிறு தொகையினரிடையே ஆர்1ஏ சிறுபான்மைதான். தெற்காசியாவிலேயே மிகுதியாகக் காணப்படும் ஆர்2 முதலிய கிளைகளே மேலோங்கியிருந்தன. அதே ஆய்வு, ஆந்திரக் காட்டுப் பகுதியில் வாழும், திராவிட மொழி பேசும் செஞ்சு பழங்குடியினரிடமும் ஆர்1ஏ இருப்பதைக் காட்டியது. பலுசிஸ்தானத்திலே திராவிட மொழியான பிராகூயி பேசுவோரும் வம்சத்தால் அயலிலுள்ள பலூச்சியரைப் போன்றவர்களே. ஆக, ஆர்1ஏ என்பது எந்த மொழிக்கும் அடையாள அட்டை அன்று. 2023இல் வெளியான மற்றோர் ஆய்வோ, சிங்களவரும் இலங்கைத் தமிழரும் மொழி எல்லையைத் தாண்டி வம்சத்தால் மிக நெருங்கியவர்கள் என்று கண்டது.

உடலின் எழுத்து இவ்வளவோடு நிற்க, மாத்தளை மண்ணின் எழுத்து என்ன சொல்கிறது?

சீகிரியாவுக்கு அருகே பொத்தானைக் குகையிலே, உழவுத்தொழில் அறியாத கற்கால வேட்டுவரின் எலும்புகள் கிடைத்தன. தம்புள்ளைக்கு அருகே இப்பன்கட்டுவையில், கி.மு. முதலாம் ஆயிரத்தாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த பெருங்கற்கால ஈமக்காடு இருக்கிறது. கற்பலகைகளால் அமைந்த அந்தப் பேழைகள் தென்னிந்தியப் பெருங்கற்காலப் பேழைகளை ஒத்தவை. உள்ளே வைத்த சூதுபவள மணிகள் கடல் கடந்து வந்தவை. தமிழ்நாட்டு ஈமக்காட்டைப் பார்த்த ஒருவருக்கு இப்பன்கட்டுவை அந்நியமாகத் தோன்றாது. அங்கே அடக்கமானவர்கள் எந்த மொழியிலே அழுதார்கள், எந்த மொழியிலே தாலாட்டினார்கள் என்பதைக் கல் சொல்லவில்லை. இந்த வெப்பத்திலும் ஈரத்திலும், தீயில் வெந்த எலும்பிலிருந்து டி.என்.ஏ. எடுப்பதும் எளிதன்று.

சில நூற்றாண்டுகள் கழித்துத் தம்புள்ளைக் குகைகளிலே பிராமி எழுத்து தோன்றுகிறது. தீவெங்கும் உள்ள இத்தகைய குகைக் கல்வெட்டுகளில் பல, இன்னாருடைய ‘புத’, அதாவது புதல்வன், இன்னார் அளித்த குகை என்றே அமைந்திருக்கின்றன. கல்லிலே பொறித்த தந்தைவழி! மொழியோ பிராகிருதம். ஆனால் அந்தப் பிராகிருதம் எழுதியவர்கள் எல்லோரும் வடநாட்டுத் தந்தையரின் மைந்தர்கள் என்று கொள்ள இயலாது. அநுராதபுரத்திலே ‘தமெட’ என்று, அதாவது தமிழர் என்று, தம்மைக் குறித்துக்கொண்ட குடும்பத் தலைவர்களும் பிராகிருதத்திலேயே எழுதி வைத்தார்கள். பெருந்தொகையான குடியேற்றத்தால் அன்று, வணிகத்தாலும் சமயத்தாலும் பரவிய மொழியை உள்நாட்டு மக்கள் படிப்படியாக ஏற்றுக்கொண்டதாலேயே சிங்களம் உருவாயிற்று என்று பேராசிரியர் கா. இந்திரபாலா 2005இல் வெளியிட்ட நூலில் விளக்கினார்.

இதற்கு மாத்தளையைவிடச் சிறந்த சான்று வேறில்லை. மாத்தளை நகருக்கு வடக்கே, பிரதான வீதியின் ஓரத்தில் அலுவிகாரை இருக்கிறது. கி.மு. முதலாம் நூற்றாண்டிலே, வலகம்பா என்று வழங்கும் வட்டகாமணி அபயனின் காலத்தில், அதுவரை வாய்மொழியாகவே காக்கப்பட்ட திரிபிடகம் அங்கேதான் ஏட்டில் எழுதப்பட்டது என்பது மரபு. மொழி பாளி, சிங்களத்தைப் போலவே அதுவும் அந்தப் பெரிய குடும்பத்து மொழிதான். எழுதியவர்கள் யார்? பிக்குகள், இல்லறம் துறந்தவர்கள். தம் முதலெழுத்தைக் கொடுக்க மகன் இல்லாதவர்கள். இப்படிப்பட்டவர்கள்தாம் அம்மொழியை ஆசிரியரிடமிருந்து மாணவருக்கு, வாயிலிருந்து செவிக்கு, நூற்றாண்டுக் கணக்காகக் கடத்தினார்கள். பிற்காலத்தில் சோழநாட்டுப் புத்ததத்தரும் அந்தப் பாளியிலேயே நூல் செய்தார். மகனே இல்லாத ஒரு மரபில் ஒரு மொழி ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்திருக்கிறது என்றால், மொழி செல்ல வேறு வழி உண்டு என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இன்னும் பாருங்கள். சீகிரியாவின் கண்ணாடிச் சுவரிலே வழிப்போக்கர்கள் கீறி வைத்த சிங்களக் கவிதைகளில் 685ஐப் பேராசிரியர் பரணவிதான 1956இல் பதிப்பித்தார். அவற்றை எழுதியோரில் பெண்களும் உண்டு. மொழியை வளர்த்த அப்பெண்களின் பெயரை வை நிறமூர்த்தம் ஒருபோதும் சொல்லாது. மாவட்டத்திலே வாழும் முஸ்லிம் மக்களிடையே அரபு வணிகரைத் தந்தைவழி முன்னோராக நினைவுகூரும் மரபு இருக்கிறது. ஆனால் அவர்களின் வீட்டு மொழி தமிழ். கடலோடி வந்த தந்தையின் மொழியைவிட, கரையில் இருந்த தாயின் மொழியே தொட்டிலில் நிலைத்தது எனலாம்.

மகாவம்சக் கதையையே எடுத்துக்கொள்வோமே. விஜயனும் அவனுடைய எழுநூறு தோழர்களும் வடக்கிலிருந்து வந்தார்கள் என்றும், அவர்களுக்கு மனைவியராகப் பாண்டிய நாட்டு மதுரையிலிருந்து பெண்கள் வந்தார்கள் என்றும் அந்நூல் சொல்கிறது. கதைப்படி பார்த்தாலும் அந்தப் பிள்ளைகளின் தாய்மார் தென்னாட்டவரே.

நேயர்களே, இது வெறும் புலமை விளையாட்டன்று. தந்தைவழி ஒன்றையே மனிதனின் முழு வரலாறாகக் கொண்டால் என்ன நேரும் என்பதை உலகம் கண்டிருக்கிறது. ஆரியம் என்பது மொழிக்குரிய பெயர், அதை இரத்தத்துக்குச் சூட்டுவது தவறு என்று மாக்ஸ் முல்லர் 1888இலேயே வற்புறுத்தினார். அவர் பிறந்த ஜேர்மனி அதைக் கேட்கவில்லை. இட்லரின் ஆட்சியிலே பாட்டன் பாட்டியின் வம்சப் பத்திரம் உயிரையும் சாவையும் தீர்மானித்தது.

நம் நாட்டிலும் ஒரு பத்திரம் கேட்கப்பட்டது. 1820களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள், மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். வழியிலே காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் பலியானவர்கள் பலர். 1880இலே மாத்தளைக்கு இரயில் வந்தது. காடு தோட்டமாயிற்று. ஆயினும் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களின் பிள்ளைகளிடம் கேட்டது என்ன? இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது. உன் தந்தை இலங்கையில் பிறந்தாரா? இல்லையெனில் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா? பிறப்புப் பதிவு இல்லாத தோட்டத்து மக்கள் பூட்டனின் பத்திரத்துக்கு எங்கே போவார்கள்? இலட்சக்கணக்கானோர் நாடற்றவர்களானார்கள். தாய் கொழுந்து பறித்த மலை எந்த மலை என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை அளிக்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. 2023இல், இருநூறு ஆண்டு நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையக மக்கள் மீண்டும் நடந்தார்கள்.

கணக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். பத்துத் தலைமுறைக்கு முன்னே போனால் ஒவ்வொருவருக்கும் 1,024 முன்னோர் இடங்கள் இருக்கின்றன. வை நிறமூர்த்தம் அவற்றுள் ஒரே ஓர் ஆடவரைப் பற்றி மட்டும் பேசுகிறது. அந்த ஒருவரைப் பற்றி அது சொல்வது மெய். ஐரோப்பாவின் பழைய பாதைகளை அது கண்டறிந்தது பெருஞ்சாதனை. மற்றைய 1,023 பேரைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அவர்களுள் யார் நமக்குத் தாலாட்டுப் பாடினார்கள், யார் எழுத்தறிவித்தார்கள், யார் எந்தச் சொல்லைக் கொடுத்துச் சென்றார்கள் என்பதைச் சொல்ல மொழியும் கல்லும் ஏடும் வேண்டும்.

ஆகவே தந்தைவழி ஆராய்ச்சி முடிவுகளைப் பத்திரிகையிலே படிக்கும்போது, ‘எங்கே நடந்தார்கள்?’ என்ற கேள்விக்கு விடையாக அவற்றை மகிழ்ந்து ஏற்றுக்கொள்வோம். ‘இந்த மண் யாருக்குச் சொந்தம்?’ என்ற கேள்விக்கு விடையாக யாரேனும் அவற்றை நீட்டினால், அலுவிகாரையின் குகைகளையும், மன்னார்ப் பாதையையும், இரு மொழிகளிலும் ஒன்றாகவே ஒலிக்கும் அம்மா என்ற சொல்லையும் அவருக்குக் காட்டுவோம்.